பத்து மையங்களுக்கு ஒருவர்



குழந்தைக் கல்வி என்று மேடை போட்டால் பெரும்பாலும் குழந்தையைப் பற்றிப் பேசுவோம். மூளை எவ்வளவு வேகமாக வளர்கிறது, எந்த வயதில் என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்பதெல்லாம் வரும். கொஞ்சம் நியாயமான மேடையாக இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றியும் பேசுவோம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது மூன்றாவது ஆளை. அந்தப் பெண்ணைத் தேடி மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ மையத்துக்கு வருகிறாரே, அவரை. நம் ஊரில் அவர் மேற்பார்வையாளர். வேறு இடங்களில் ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர், குழந்தைநலச் செவிலியர்.

பயிற்சி மையம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கணக்குப் பார்ப்பதற்கும் கைகொடுப்பதற்கும் ஒரே ஆளை, ஒரே வருகையில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி அனுப்பினால் கணக்குதான் ஜெயிக்கும். இரண்டையும் பிரித்தால் ஒழிய நம் மையங்களில் முன்பருவக் கல்வி வேரூன்றாது.

தனியே நிற்பவர்

பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு ஆசிரியர் அறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு பையன் பாடத்தில் உட்கார மாட்டேன் என்றால், இடைவேளையில் டீக் குடித்துக்கொண்டே பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லலாம். அவர் போன வருடம் அதே பையனின் அண்ணனைப் பார்த்தவராக இருப்பார். இந்தப் பேச்சுக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் ஈடாகாது.

அங்கன்வாடிப் பணியாளருக்கு அந்த அறை கிடையாது. அவரும் உதவியாளரும்தான். 1975 அக்டோபர் 2ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இவர் தோளில் ஆறு சேவைகளை வைத்தது: துணை உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து - சுகாதாரக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் இந்த ஆறையும் சுமக்கிறார். ஊருக்கு இன்னமும் அவர் ‘பால்வாடி டீச்சர்’தான்.

அமெரிக்காவில் இன்னும் தனிமை. அங்கே ஏராளமான கைக்குழந்தைகள் போவது மையத்துக்கு இல்லை, ஒரு பெண்ணின் வீட்டுக்கு. தன் வீட்டுக் கூடத்தில் நாலைந்து குழந்தைகளை, பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் வாங்கிக்கொண்டு, விடிந்ததிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்வார். சமையலும் அவரே, கணக்கும் அவரே. உதவியாளர்கூடப் பல வீடுகளில் இருக்க மாட்டார். அந்நாட்டு மத்திய அரசின் குழந்தை உணவுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், பணத்தைப் பெற்றுத் தரும் பொறுப்பு நிறுவனம் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அதில் இரண்டு முறை சொல்லாமல் வர வேண்டும் என்பது விதி. வருபவர் தட்டில் இருக்கும் உணவையும் ஏட்டில் இருக்கும் எண்ணிக்கையையும் ஒத்துப் பார்க்கிறார். குழந்தைகளோடு நாள் முழுக்க அடைந்து கிடப்பவருக்கு இப்படி வருகிறவர்தான் வெளியுலகம்.

ஒரு வருகையின் கதை

நம் பக்கத்துக்கு வருகிறேன். நான் போயிருந்த ஒரு மையம், ஊர்ப் பெயர் வேண்டாம். காலை பத்தரை. டீச்சர் பாய் விரித்து, நடுவில் ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டையைக் கொட்டி வைத்திருக்கிறார். சுற்றிலும் பதினான்கு குழந்தைகள். பெரிய கொட்டை, சின்னக் கொட்டை பிரிக்கும் ஆட்டம். ஒரு பெண் குழந்தை மூன்றாவதாக ஒரு குவியல் போட ஆரம்பித்திருந்தாள். உற்றுப் பார்த்தால் உடைந்த கொட்டைகள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மனுஷி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ‘வணக்கம் மேடம்’ சொல்லக் குழந்தைகள் எழுந்தார்கள், பிறகு கை கட்டி உட்கார வைக்கப்பட்டார்கள். பீரோ திறந்தது. வருகைப் பதிவேடு, உணவு இருப்பு, எடை, தடுப்பூசி, வீட்டுப் பார்வை எல்லாம் மேசைக்கு வந்தன. ‘மாவு ரெண்டு பாக்கெட் இடிக்குதே டீச்சர்?’ என்று கேட்டார். அந்த இரண்டு பாக்கெட் எங்கே போனது என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம். இரண்டு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்ததைப் பதிய மறந்திருக்கிறது. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. புளியங்கொட்டையை ஆயாம்மா அள்ளி டப்பாவில் போட்டார், மூன்று குவியலும் சேர்த்து. பார்வைப் புத்தகத்தில் எழுதப்பட்டது: ‘பதிவேடுகள் சரிபார்க்கப்பட்டன. முன்பருவக் கல்வி நடைபெறுகிறது.’

அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாவு அரசாங்கத்தின் பணம், குழந்தையின் வயிறு. அதைக் கேட்காமல் போனால் அவர் வேலை போய்விடும். திட்டத்தின் விதிப்படி அவருக்குப் பழங்குடிப் பகுதியில் 17 மையம், கிராமத்தில் 20, நகரத்தில் 25 என்று பிரித்துக் கொடுத்தார்கள். காலிப்பணியிடம் விழுந்தால் பக்கத்துச் சரகமும் அவர் தலையில்தான் விழும். மாதத்தில் வேலை நாள் எத்தனை, கூட்டம் எத்தனை, அறிக்கை எத்தனை என்று கழித்துப் பாருங்கள். 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலி பதிவேடுகளைக் குறைக்கும் என்றார்கள். ஏடு குறைந்தது உண்மை. ஆனால் மேற்பார்வையாளர் இப்போது ‘ஏன் இன்னும் ஏற்றவில்லை’ என்று கேட்கிறார். கேள்வியின் பொருள் மாறவில்லை.

கொட்டாம்பட்டியில் செய்து காட்டியது

இதற்கு வேறு வழி உண்டா என்றால், நாமே செய்து காட்டியிருக்கிறோம். உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதல் சோதனை மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். பிறகு 173 ஒன்றியங்களுக்கு விரிந்தது.

அதில் வேலை குறுக்கிக் கொடுக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். எடை ஏறாமல் நிற்கும் குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு தர வேண்டும். அதற்குள் அரை கிலோ ஏறிவிட்டால் உணவை நிறுத்திவிட்டுத் தாயின் கையில் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். எடை போடுவது தாய்மார் கண்ணெதிரே நடந்தது. ஊரின் நிலவரம் ஊர் பார்க்கும்படி எழுதி வைக்கப்பட்டது.

பணியாளராக அதே ஊர்ப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். படிப்பைவிட, ஏழ்மையிலும் தன் குழந்தையைத் திடமாக வளர்த்தவளா என்று பார்த்தார்கள். அக்கம்பக்கத்தார் ‘உனக்கென்ன தெரியும்’ என்று கேட்க முடியாது பாருங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது மேலே இருந்த ஏற்பாடு. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் தவிர, ஒன்றியத்துக்கு ஒரு பயிற்றுநர். இந்தப் பயிற்றுநர் மாவு எண்ண வருபவர் இல்லை. களத்தில் பணியாளருக்கு எங்கே தடுமாற்றம் என்று பார்த்து அங்கேயே சொல்லிக்கொடுக்க வருபவர். விவசாய விரிவாக்கத் துறையில் அன்று பேசப்பட்ட ‘பயிற்சியும் பார்வையும்’ என்ற முறையை எடுத்துக் குழந்தைகள் திட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. மற்ற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து பார்த்துப் போனார்கள்.

அந்தத் திட்டத்தைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் கல்வி அதன் எல்லைக்குள் வரவே இல்லை. 1990இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அதையும் சேர்த்தார்கள், வேலை அகன்றது. 90களின் இறுதியோடு திட்டம் முடிந்தது, மையங்கள் பொதுத் திட்டத்தோடு கலந்தன. எடை போடும் பழக்கம் நிலைத்தது. பத்துக்கு ஒருவர் என்ற விகிதம் நிலைக்கவில்லை.

பிரித்து வைத்தவர்கள்

பிரான்சில் வீட்டில் வைத்துக் குழந்தை பார்க்கும் பெண்களுக்கு அரசு அங்கீகாரம் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோருக்கு அடுத்தபடி அங்கே முதல் புகலிடம் மழலையர் காப்பகம் இல்லை, இவர்கள் வீடுதான். ஒருவர் ஒரே நேரத்தில் பொதுவாக நான்கு குழந்தைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பயிற்சி 120 மணி நேரம். அதில் 80 மணி நேரத்தை முதல் குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டும்.

அங்கீகாரம் தருவது தாய்சேய் நலத்துறை. 1945இல், போர் முடிந்த கையோடு, சிசு மரணத்தைக் குறைக்க உருவான துறை அது. அதன் செவிலியர்கள் வீட்டைப் பார்ப்பார்கள்: சாளரத்துக்குத் தடுப்பு இருக்கிறதா, மருந்து எட்டாத உயரத்தில் இருக்கிறதா, குழந்தை எங்கே தூங்கும். அங்கீகாரம் ஐந்து ஆண்டுக்கு. சரியில்லை என்றால் பறிக்கவும் துறைக்கு அதிகாரம் இருக்கிறது.

1989இல் இதற்குப் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கினார்கள். நகராட்சிகள் நடத்தும் சிறு கூடுமிடங்கள். பொறுப்பில் பெரும்பாலும் மழலையர் கல்வி படித்த ஒருவர் இருப்பார். காலையில் நாலைந்து பெண்கள் தங்கள் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே வருவார்கள். குழந்தைகள் தரையில் விளையாடும், பெரியவர்கள் பேசுவார்கள். பெற்றோரோடு சம்பள ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்பதிலிருந்து, மதியம் தூங்காத குழந்தையை என்ன செய்வது என்பது வரை. அங்கே இருப்பவருக்கு உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் இல்லை. அதனால்தான், ‘நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது’ என்று ஒரு பெண் அவரிடம் வாய் திறந்து சொல்ல முடிகிறது.

சோதனை செய்பவரிடம் யாரும் தன் குறையைச் சொல்வதில்லை. குறை வெளியே வராமல் திருத்தம் நடப்பதும் இல்லை. இந்த எளிய உண்மையை ஒரு நிர்வாக ஏற்பாடாகவே மாற்றிவிட்டார்கள்.

துணைக்குப் போகிறவர் யாராகவும் இருக்கலாமா? இதற்குச் சிகாகோவிலிருந்து ஒரு பதில் வந்தது. அங்குள்ள எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டுக் காப்பகப் பெண்களில் சிலர் ஆதரவு வலையமைப்புகளில் சேர்ந்திருந்தார்கள், சிலர் தனியே இயங்கினார்கள். வலையமைப்பில் பேர் எழுதிக்கொண்டதால் மட்டும் பராமரிப்பின் தரம் உயர்ந்துவிடவில்லை. வீடு தேடி வரும் ஒருங்கிணைப்பாளர் இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவராக இருந்த இடங்களில்தான் தரம் கணிசமாக மேலே இருந்தது. குழந்தையைப் பற்றிப் படித்திருந்தால் போதாது; முப்பது நாற்பது வயதுப் பெண்ணோடு சமமாக உட்கார்ந்து வேலை செய்யவும் படித்திருக்க வேண்டும் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட ஒருவரை நான் நம் மாநிலத்திலேயே பார்த்திருக்கிறேன். பணியாளராக இருந்து பதவி உயர்வில் மேற்பார்வையாளர் ஆனவர். ஒரு மையத்தில் மூன்றரை வயதுப் பையன் மற்றக் குழந்தைகளைக் கடிக்கிறான். கன்னத்தில் பல் பட்ட தடத்தோடு ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய், அதன் அம்மா வந்து சண்டை. டீச்சர் பையனைத் தனியே உட்கார வைத்துப் பார்த்தார், அவன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். இந்த மேற்பார்வையாளர் வந்தார், பதிவேட்டைத் தொடவில்லை. சுவரோரம் பாயில் உட்கார்ந்து அரை மணி நேரம் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சரிடம், ‘எப்பல்லாம் கடிக்கிறான், கவனிச்சீங்களா அக்கா?’ என்றார். டீச்சர் யோசித்துவிட்டு, ‘கை கழுவ வரிசையில நிக்கறப்ப... தட்டுக்கு நிக்கறப்ப’ என்றார். ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ ‘நிக்க முடியல போல.’

பதிலைச் சொன்னது டீச்சர்தான். மறுநாளிலிருந்து ஐந்தைந்து பேராகக் கை கழுவப் போனார்கள், மற்றவர்கள் ஆயாம்மாவோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடிப்பது அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. ஆனால் டீச்சர் அதற்குப் பிறகு வேறு குழந்தைகள் விஷயத்திலும் ‘எப்போது’ என்று கேட்டுப் பார்க்கத் தொடங்கினார். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டப் புத்தகத்தில் எத்தனை நல்ல செயல்பாடு இருந்தாலும், இந்தக் கேள்வி இப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும்.

கை ஓய்வு

துணை பற்றிப் பேசும்போது இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அலெகான்ட்ரோ கானிமியன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் ஆகிய இரு சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதியில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலைக்கு உள்ளூரிலிருந்து கூடுதலாக ஒருவரை அமர்த்தினார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கல்வி நேரம் இரட்டிப்பாகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்திருந்தன. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததே காரணம்.

கை நிறைய வேலை வைத்திருப்பவரிடம் போய் யோசனை சொல்வதில் பயனில்லை என்று இதற்குப் பொருள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் அல்லது ஓராண்டுப் பட்டயப் படிப்பு, தொலைக்காட்சி - கைபேசி வழியாகப் பாடம், மாதம் ஒரு நேர்முக வகுப்பு என்று சொல்கிறது. படிப்பு நல்லதுதான். ஆனால் வகுப்புக்குப் பணியாளர் போக வேண்டும். அன்று மையத்தைப் பார்ப்பது யார்? துணை என்றால் அது மையத்துக்கு வர வேண்டும்.

செய்யக்கூடியவை

‘கணக்குப் பார்க்காவிட்டால் முட்டை குழந்தைக்குப் போய்ச் சேருமா?’ என்று ஓர் அதிகாரி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கை விடச் சொல்லவில்லை, பிரிக்கச் சொல்கிறேன்.

முதலாவதாக, ஒரு மாதம் கணக்கு வருகை என்றால் அடுத்த மாதம் பீரோ திறக்காத வருகை இருக்கட்டும். பார்வைப் புத்தகத்தில் அன்று ஒரு குழந்தையைப் பற்றி நான்கு வரி மட்டும் எழுதட்டும். இதற்குப் புதிய பணியிடம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

இரண்டாவதாக, சரகக் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தைப் பணியாளர்களுக்குக் கொடுங்கள். ஒருவர் தன் மையத்துச் சிக்கல் ஒன்றைச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். அறிக்கைப் படிவம் அதற்குப் பிறகு. ஆசிரியர் அறை இல்லாதவர்களுக்கு அதுதான் ஆசிரியர் அறை.

மூன்றாவதாக, கல்விக்கென்று தனித் துணையாளர் வேண்டும்; அவருக்குப் பத்து மையத்துக்கு மேல் கூடாது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் அவருக்குக் கூடாது. அனுபவமுள்ள பணியாளர்களிலிருந்தே அவர்களை எடுக்கலாம். வயதுவந்தவர்களோடு பணிசெய்யும் பயிற்சியைத் தனியாகக் கொடுக்கலாம்.

நான்காவது, நாம் கண்ணெடுத்தும் பார்க்காத ஒரு கூட்டம். திருப்பூரிலும் சென்னைப் புறநகர்களிலும் கம்பெனிக்குப் போகும் தாய்மார் பலர் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் குழந்தையை விட்டுப் போகிறார்கள். 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. அதற்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அது எட்டாது. இந்த அக்காக்களைப் போய் ‘லைசென்ஸ் எங்கே’ என்று கேட்டால் கதவை அடைத்துக்கொள்வார்கள். அருகிலுள்ள அங்கன்வாடிக்கு வாரம் ஒரு காலை குழந்தைகளோடு வாருங்கள் என்று அழைத்தால் வருவார்கள். விதிகளை அதற்குப் பிறகு பேசலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, துணையைச் சம்பளத்துக்கு மாற்றாகக் காட்டிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் கணக்கில் அங்கன்வாடிப் பணியாளர் இன்னமும் மதிப்பூதியம் பெறுபவர்தான். 2018இல் நிர்ணயித்த மத்தியத் தொகை மாதம் 4,500 ரூபாய். தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் தருவதால் இங்கே நிலைமை மேல். ஆனாலும் நிரந்தர ஊழியருக்குரிய ஓய்வூதியத்துக்காக இவர்கள் தெருவில் உட்காராத ஆண்டு இல்லை. பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதையே நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. ஓய்வுக்காலத்தை நினைத்துக் கவலைப்படும் பெண்ணிடம் குழந்தையின் மனத்தைக் கவனி என்று சொல்ல எந்தத் துணையாளருக்கும் நா எழாது.

கடைசியாக, இந்தச் சொற்பொழிவை நடத்தும் கல்லூரியின் மனையியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். மனித வளர்ச்சி படிக்கும் உங்கள் மாணவியர் களப்பயிற்சி என்று மையங்களுக்குப் போகிறார்கள், பத்து நாளில் ஒரு செயல்திட்டக் கோப்பு தயாரித்துத் திரும்பி வருகிறார்கள். அதை மாற்றி, ஒரு மாணவி ஒரே மையத்துக்கு வாரம் ஒரு காலை வீதம் ஓராண்டு போகட்டும். மாவு எண்ண வேண்டாம், பாடம் நடத்தவும் வேண்டாம். டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குழந்தையை இருவரும் சேர்ந்து கவனித்து, டீச்சர் சொல்வதை எழுதட்டும். ஆண்டு முடிவில் தேர்வு வைத்து மதிப்பெண் போடும்போது பேராசிரியரோடு அந்த டீச்சரும் உட்காரட்டும். பத்து மையத்தில் தொடங்கினால் போதும். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை அந்தப் பத்து டீச்சர்களில் ஒருவர் ஆற்றலாம்.